அரைப்பேருக்குச் சண்டை, அரைத்தமிழுக்கு மௌனமா?



எங்கள் பிரிவில் ஓர் அம்மா இருக்கிறார். நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இன்றும் இருப்பது லயக் காம்பராவில்தான். அரச உதவித் தொகை ஒன்றுக்கு விண்ணப்பம் போட நகரத்துக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

திரையில் தமிழைத் தெரிவு செய்தோம். நாலாவதோ ஐந்தாவதோ கேள்வி: “வீடு உண்டா?” கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். “இருக்கே தம்பி, லயத்துல காம்பரா இருக்கே” என்றார் அம்மா. கடைப் பையன் ‘ஆம்’ என்பதை அழுத்தினான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதே பக்கத்தை ஆங்கிலத்தில் திறந்து பார்த்தேன். அங்கே கேட்டிருந்தது, “உங்களுக்குச் சொந்தமான வீடு இருக்கிறதா?” என்று. தமிழில் ‘சொந்தமான’ என்ற சொல்லே இல்லை. லயம் தோட்டத்துடையது. அம்மா கையில் உறுதிப்பத்திரம் கிடையாது. ஆனாலும் ஒரு சொல் விடுபட்டதால், ஒரு நிமிடத்தில் அவர் சொந்த வீட்டுக்காரி ஆகிவிட்டார். விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டது. அதைத் திருத்த மூன்று தடவை பஸ் ஏறி அலைந்தோம்.

இதைச் சின்னப் பிழை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். படிவத்தால் நாம் எதை இழந்தோம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் முன்னோரின் குடியுரிமையைப் பறித்தது. அதைத் திரும்பப் பெற 1949இல் விண்ணப்பம் போடச் சொன்னார்கள். இந்தப் பத்திரம் இல்லை, அந்த அத்தாட்சி இல்லை என்று பெரும்பாலான விண்ணப்பங்களைத் தள்ளினார்கள். அன்று கடதாசிப் படிவம், இன்று கண்ணாடித் திரை. நம்மை வெளியே நிறுத்தும் வேலையை இரண்டுமே செய்யும்.

இந்தப் பிழை எப்படி வருகிறது? இணையப் பக்கத்தில் தெரியும் ஒவ்வொரு சொல்லும், பொத்தான், கேள்வி, எச்சரிக்கை எல்லாமே, ஒரு பட்டியலில் வரிவரியாக இருக்கும். ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் தமிழ். மொழிபெயர்ப்பவருக்குப் பல வேளைகளில் அந்தப் பட்டியல்தான் கிடைக்கும். எந்தச் சொல் எந்தத் திரையில் வரும் என்று காட்டமாட்டார்கள். அதனால் முதற்பக்கத்துக்குப் போகும் ‘ஹோம்’ பொத்தான் ‘வீடு’ ஆகிறது. பதிவைச் சேமிக்கும் ‘சேவ்’ பொத்தான் ‘காப்பாற்று’ ஆகிறது. சில இடங்களில் மனிதரே இல்லை, இயந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டி நடுவில் இலக்கத்தைச் செருகுவது இன்னொரு கோளாறு. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், தமிழில் கடைசியில் வரும். வெட்டிய துண்டுகளை ஆங்கில வரிசையிலேயே அடுக்கினால் “உங்களுக்கு உள்ளது 3 நாட்கள் மீதி” என்று நிற்கும். தமிழ் வரி எழுதாமல் விட்ட இடத்தில் ஆங்கிலமே வந்து நிற்கும். அப்படி விடுபடுவது பெரும்பாலும் பிழைச் செய்திகள்தான். எல்லாம் சரியாக நடக்கும்வரை தமிழ் இருக்கும். ஏதாவது தவறிப்போய் உதவி தேவைப்படும் நேரத்தில் தமிழ் காணாமற்போகும்.

எழுத்துச் சரியாக இருந்தாலும் போதாது. விலாசத்துக்கு வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் கட்டாயம் என்கிறது திரை. நமக்குத் தோட்டம், பிரிவு, லயம் தவிர வீதி ஏது? முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போடுகிறது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுகிற நாம் எதை எங்கே எழுதுவது? ஒரு கட்டத்தில் மாற்றி எழுதினால் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துவராது. பிறகு சேமலாப நிதி எடுக்கப் போகிற நாளில் அது பூதமாக எழும்பி நிற்கும்.

இது அரசாங்கத்தோடு முடியவில்லை. சில தோட்டங்களில் இப்போது இலத்திரனியல் தராசு வந்திருக்கிறது. மொத்த நிறை, கழிவு, மீதி நிறை மூன்றும் ஆங்கிலத்தில்தான் ஓடும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று கொழுந்து நிறுத்தவளுக்குத் தெரியாது. தன் உழைப்பின் கணக்கைத் தன் மொழியில் படிக்க முடியாத இடத்தில் களவுக்குக் கதவு திறந்துதான் இருக்கும்.

“எல்லாருக்கும் சிங்களம் தெரியும்தானே?” என்பார்கள். சந்தையில் பேசத் தெரிவது வேறு, சட்டப் படிவம் வாசிப்பது வேறு. “பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள்” என்பார்கள். பிள்ளை கொழும்பில் கடையில் நிற்கிறது. அதனால்தான் அடையாள அட்டை இலக்கத்தையும், கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும், கடவுச்சொல்லையும் முன்பின் தெரியாத கடைக்காரரிடம் ஒப்படைக்கிறோம். அதற்குக் காசும் கொடுக்கிறோம். “பணம் இல்லை” என்பார்கள். விடுபட்ட ‘சொந்தமான’ என்ற சொல்லைப் பட்டியலில் சேர்க்க எத்தனை கோடி வேண்டும்?

நாம் கேட்பது பிச்சை இல்லை. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதியது. அலுவலக யன்னலில் உள்ள உரிமை, அதே அலுவலகத்தின் திரையிலும் உண்டு.

ஆகவே கேட்கிறோம். தமிழ் வரிகள் முழுமையாக முடியாமல் எந்தச் சேவையையும் திறக்காதே. பிழைச் செய்தியும் குறுஞ்செய்தியும் தமிழில் வரட்டும். திறக்கும் முன் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுவந்து, கொழுந்து பறிக்கும் பெண்கள் நாலு பேர் கையில் கொடுத்துப் பார். அவர்கள் தடுமாறும் இடத்தைத் திருத்து. விலாசத்தில் பிரிவுக்கும் லயத்துக்கும் இடம் வை. தராசும் சம்பளச் சீட்டும் தமிழில் பேசட்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. புரியாத கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்த விடாதீர்கள். பிழையான திரையைக் கைபேசியில் படம் எடுத்து, திகதியோடு தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். சங்கம் அவற்றைச் சேர்த்து, 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிட வேண்டும். மொழிபெயர்த்தது யார், சரிபார்த்தது யார் என்று 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். படித்த பிள்ளைகளே, சரியான தமிழ் வரியை எழுதிக் கொடுக்க நீங்கள் முன்வாருங்கள்.

பெரட்டுக் களத்தில் அரைப்பேர் போட்டால் விடமாட்டோம், முழுப்பேர் வாங்காமல் நகரமாட்டோம். திரையில் அரைத்தமிழ் போட்டாலும் அதே குரல் எழும்பட்டும்.