நீந்துவதை நிறுத்திய எலிக்கு மனச்சோர்வு என்று எழுதாதீர்கள்: கட்டாய நீச்சல் சோதனை பற்றி எங்கள் நிலைப்பாடு

மனச்சோர்வை அளப்பதாகச் சொல்லி எலிகளையும் சுண்டெலிகளையும் நீர் நிரம்பிய உருளைக்குள் விடும் கட்டாய நீச்சல் சோதனையை நம் ஆய்வகங்களும் மருந்தியல் கல்லூரிகளும் கைவிட வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுக்கள் இனி அதற்கு அனுமதி தரக் கூடாது. மருந்தியல் ஆசிரியர்களும் நரம்பியல் ஆய்வாளர்களும் மனநல மருத்துவர்களும் உள்ள எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. விலங்கு ஆய்வு முழுவதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களில் பலர் அந்த ஆய்வைச் செய்கிறவர்கள். இதைச் சொல்லும் கடமை எங்களுக்குக் கூடுதலாக இருப்பதும் அதனால்தான்.

சோதனை 1977இல் பிறந்தது. பிரான்சில் ரோஜர் போர்சோல்ட் குழுவினர் எலியை வெளியேற வழியில்லாத உருளையில் முதல் நாள் 15 நிமிடமும் மறுநாள் 5 நிமிடமும் விட்டார்கள். சுண்டெலிக்கு ஒரே முறை 6 நிமிடம். அதில் கடைசி 4 நிமிடம்தான் கணக்கில் வரும். விலங்கு முதலில் நீந்தும், சுவரில் ஏறப் பார்க்கும். பிறகு மூக்கை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். இமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால் மிதக்கும் நேரம் குறைந்தது. அந்த மிதப்பை நம்பிக்கை இழப்பு என்று அவர்கள் விளக்கினார்கள். செலவு குறைவு, ஒரு வாரத்தில் முடிவு. உலகமெங்கும் பரவ அது போதுமானதாக இருந்தது.

வழி இல்லை என்று கண்டுகொண்ட விலங்கு வலுவைச் சேமிக்க மிதக்கிறது என்ற விளக்கமும் அதே அளவு பொருந்துகிறது. அப்படியென்றால் அது பிழைக்கத் தெரிந்த விலங்கு, நோயாளி அல்ல. மருந்துகளின் கணக்கும் இடிக்கிறது. எலிக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கொடுத்ததும் பலன் தெரிகிறது. மனிதருக்கு அதே மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகின்றன. காஃபினும் ஆம்ஃபிடமினும் விலங்கைத் துள்ளவைத்து மிதக்கும் நேரத்தைக் குறைக்கின்றன; அவை மனச்சோர்வுக்கு மருந்தல்ல. இன்று அதிகம் எழுதித்தரப்படும் ஃபுளுவாக்ஸிடின் வகை மருந்துகளையோ போர்சோல்ட்டின் மூல முறை சரியாகப் பிடிக்கவில்லை. 1990களில் முறையைத் திருத்த வேண்டியிருந்தது.

மனச்சோர்வுச் சிகிச்சைக்கு வழிகாட்டிய மருந்துகள் நோயாளிகளைக் கவனித்துத்தான் கிடைத்தன. ஐப்ரோனியாசிட் காசநோயாளிகளிடம் கவனிக்கப்பட்டது. இமிப்ரமினின் பலனை 1950களில் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவமனையில் ரோலண்ட் குன் கண்டார். மறுபக்கம், அழுத்த ஹார்மோன் சுரப்பைத் தூண்டும் சி.ஆர்.எஃப். என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் பெரும் நம்பிக்கை தந்தன. மனச்சோர்வு நோயாளிகளிடம் தோற்றன.

இதனால் அழுத்தம் பற்றிய விலங்கு ஆய்வே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1936இல் ஹான்ஸ் செல்யே எலிகளில் கண்டதை நினைத்துப் பாருங்கள்: எந்தத் தீங்கைச் செய்தாலும் அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. உடலுக்கு ஒரு பொதுவான பதில் இருக்கிறது என்பது அங்கிருந்துதான் தொடங்கியது. அந்தப் பதிலின் நடுவில் இருக்கும் ஹார்மோன் மனிதரிடம் கார்ட்டிசால், எலியிடம் கார்ட்டிகோஸ்டிரோன். அவசரத்துக்கு அது உயிர் காக்கிறது. வாரக்கணக்கில் சுரந்தால் மூளையை மாற்றுகிறது. 1992இல் நியூயார்க்கில் புரூஸ் மெக்யூவன் குழு, நாள்தோறும் 6 மணி நேரம் என 21 நாள் கட்டுண்ட எலிகளின் மூளையில் நினைவுக்கான ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் குட்டையாகியிருப்பதைக் காட்டியது.

எங்களுக்கு மிக நெருக்கமான வேலை பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 2 மணி நேரம் 10 நாள் அசையவிடாமல் வைத்த எலிகளில் ஹிப்போகேம்பஸில் கிளைகள் சுருங்கின. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ வளர்ந்தன. 2004இல் அதன் தொடர்ச்சி வந்தது. 21 நாள் ஓய்வு கொடுத்த பிறகு ஹிப்போகேம்பஸ் மீண்டது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே நின்றது. நெருக்கடி நீங்கிய பிறகும் பயம் ஏன் விடுவதில்லை என்று மருத்துவரிடம் கேட்கும் ஒருவருக்கு இது ஏதோ ஒன்றைச் சொல்கிறது. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் இதைப் பார்த்திருக்க முடியாது. இந்த ஆய்வுகள் பேசுவது அழுத்தத்தைப் பற்றி. அழுத்தத்துக்கு ஆளான ஓர் உறுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்கின்றன. குற்றவுணர்வும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கொண்ட ஒரு நோயை எலிக்குள் கண்டதாக அவை சொல்லவில்லை.

நம்பிக்கை இழப்பு என்ற விளக்கத்துக்கு உறவான கோட்பாடே மாறிவிட்டது. தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் கையறுநிலையைக் கற்றுக்கொள்கின்றன என்று 1967இல் சொன்ன உளவியலாளர்கள் செலிக்மேனும் மேயரும், 2016இல் அதைத் தாங்களே திருத்தினார்கள். நீடித்த துன்பத்துக்கு முடங்குவதே உடலின் இயல்பான பதில்; நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்கிறது என்றார்கள். ஐம்பதாண்டு பழைய தங்கள் முடிவையே மாற்றி எழுதும் நேர்மை எங்கள் துறைக்கு வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024இல் கட்டாய நீச்சல் சோதனையைச் சட்டத்தால் தடைசெய்தது. பிரிட்டிஷ் அரசும் அதே ஆண்டு இதை ஒழிப்பதே நோக்கம் என்று அறிவித்தது. இங்கோ துளசியோ வல்லாரையோ அமுக்கராவோ, ஒரு மூலிகைச் சாற்றை இமிப்ரமினோடு ஒப்பிட்டு, விலங்கை நீரில் விட்டும் வாலில் தொங்கவிட்டும் எம்.ஃபார்ம். ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. மாணவர்களைக் குறை சொல்லவில்லை. தலைப்பைத் தருபவர் வழிகாட்டி, கையெழுத்திடுவது குழு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தவிர்க்க முடிந்த இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. சாறு மருந்தாகுமா என்பதற்கு விடை தராத ஒரு சோதனை தவிர்க்கக்கூடியதே.

விலங்கு சர்க்கரை நீரை விரும்பிக் குடிக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேறு அளவைகள் உண்டு. அவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி தர வேண்டாம். அவற்றோடு சேர்ந்து வரும், வாரக்கணக்கில் எதிர்பாராத தொல்லைகள் தரும் முறையில் விலங்கு படும் துன்பம் நீச்சலைவிட நீளமானது. வலிய சுண்டெலியிடம் 10 நாள் தோற்கவைக்கும் முறை பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு சுண்டெலிகள் மற்றவற்றோடு பழகுவதை விடாமல் தாக்குப்பிடிக்கின்றன. அது ஏன் என்ற கேள்வி பெரியது என்பார் சிலர். அதற்காக மற்றவற்றின் காயங்களை ஏற்க முடியாது என்பார் சிலர். பெண் விலங்குகள் பற்றி மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. மனச்சோர்வு பெண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு. நரம்பியலிலோ நெடுங்காலம் ஆண் விலங்குகளே ஆய்வுக்கு வந்தன. இரு பாலும் இல்லாத திட்டத்துக்குக் காரணம் கேட்க வேண்டும்.

எங்கள் உறுப்பினர்கள் இனி மனச்சோர்வுக்கு நீச்சல் சோதனையைப் பயன்படுத்தும் எந்த ஆய்வேட்டுக்கும் வழிகாட்டமாட்டார்கள். நெறிமுறைக் குழுவில் இருப்பவர்கள் எதிர்த்து வாக்களித்து, காரணத்தை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்வார்கள். ஏற்கெனவே முடிந்த சோதனைகளின் தரவுகளை வீணாக்கச் சொல்லவில்லை. அவற்றை வெளியிடும்போது, அந்த விலங்கு இத்தனை நொடி அசையாமல் இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.