நடுத்தர மார்க் வாங்கிய பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்த அன்று சில வீடுகளில் லட்டு வழங்குகிறார்கள். சில வீடுகளில் கண்ணீர் வடிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இரண்டும் இல்லை. பிள்ளை நன்றாகத்தான் படித்திருக்கிறது. மார்க்கும் மோசம் இல்லை. ஆனால் படம் போட்டுப் பாராட்டும் அளவுக்கும் இல்லை.

முதல் மார்க் வாங்கியவனுக்குக் கவலை இல்லை. அவன் கேட்ட கல்லூரி கிடைக்கும். தோற்றவனுக்கு மறுபரீட்சை இருக்கிறது. இந்த நடுப்பிள்ளைக்குத்தான் யாரும் சரியான வழி சொல்வதில்லை. "எங்கேயாவது கிடைக்கும், போ" என்கிறார்கள்.

"எங்கேயாவது" என்று ஒரு கல்லூரி இல்லை. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த என்ஜினீயரிங் கல்லூரிகள் 400க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் நல்லவை உண்டு. வெறும் கட்டிடமாக நிற்பவையும் உண்டு. நான்கு வருடப் படிப்பும், குடும்பத்தின் சேமிப்பும், சில சமயம் அடகு வைத்த நகையும் ஒரு பட்டியலில் அடங்கியிருக்கின்றன. கலந்தாய்வுக்கு மாணவன் எழுதிக் கொடுக்கும் கல்லூரிப் பட்டியல்தான் அது.

171 மார்க்கின் கணக்கு

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் படிப்புக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ்-2 மார்க்தான் கணக்கு. கணிதத்துக்கு 100. இயற்பியலுக்கு 50. வேதியியலுக்கு 50. மொத்தம் 200. இதைத்தான் "கட்-ஆப்" என்கிறார்கள்.

ஒரு தையல்காரரின் மகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கணிதத்தில் 84. இயற்பியலில் 86, அதில் பாதி 43. வேதியியலில் 88, அதில் பாதி 44. கூட்டினால் 171.

171 என்றவுடன் சித்தப்பா ஒரு கல்லூரிப் பெயரைச் சொல்கிறார். "போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 170க்கே அங்கே கிடைத்தது" என்கிறார். அங்கேதான் முதல் தவறு நேர்கிறது.

இடம் மார்க்கைப் பார்த்துக் கிடைப்பதில்லை. வரிசையைப் பார்த்துக் கிடைக்கிறது. இந்த ஆண்டு நிறையப் பேர் அதிக மார்க் வாங்கினால், அதே 171 வரிசையில் பின்னால் போய்விடும். 2021ஆம் ஆண்டு கொரோனாவால் பிளஸ்-2 பரீட்சையே நடக்கவில்லை. வேறு முறையில் மார்க் போட்டார்கள். அந்த ஆண்டின் மார்க்கை வைத்து இன்னொரு ஆண்டின் இடத்தை எப்படிக் கணக்கிட முடியும்?

இடங்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் மாறுகிறது. கம்ப்யூட்டர் படிப்புக்கு இடங்கள் கூடுகின்றன. கட்டிடக்கலை சார்ந்த சிவில் படிப்புக்கும், இயந்திரப் படிப்புக்கும் சில கல்லூரிகள் இடங்களைக் குறைக்கின்றன. சில கல்லூரிகள் மூடப்படுகின்றன.

ஆகவே பார்க்க வேண்டியது ரேங்க். அதாவது மாநில வரிசையில் பிள்ளைக்கு எத்தனையாவது இடம் என்பது. எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில், கடைசி இடம் எத்தனையாவது ரேங்குக்குக் கிடைத்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்தில் வெளியாகிறது. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று வருடங்களைப் பார்க்க வேண்டும்.

அதிலும் தன் பிரிவுக்கு உரிய கட்டத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. பிரிவுக்குப் பிரிவு கடைசி ரேங்க் வேறுபடும். பக்கத்து வீட்டுப் பையன் வேறு பிரிவாக இருந்தால் அவன் கணக்கு இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது.

மூன்று படிகள்

தையல்காரர் மகளுக்கு 60 ஆயிரமாவது ரேங்க் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். அவள் பட்டியல் மூன்று படியாக அமைய வேண்டும்.

முதல் படி, ஆசைப் படி. சென்ற ஆண்டுகளில் 45 ஆயிரம், 50 ஆயிரம் ரேங்கோடு முடிந்துபோன இடங்கள். கிடைப்பது கடினம். ஆனால் கேட்பதால் நஷ்டம் இல்லை.

இரண்டாம் படி, நியாயப் படி. 55 ஆயிரம் முதல் 70 ஆயிரம் ரேங்க் வரை இடம் கொடுத்த கல்லூரிகள். அவள் படிக்கப்போவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான். இந்தப் படியில்தான் வரிகள் மிக அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி, காவல் படி. 80 ஆயிரம், 90 ஆயிரம் ரேங்குக்கும் இடம் கிடைத்த கல்லூரிகள். மேலே எல்லாம் தவறினாலும் பிள்ளை தெருவில் நிற்காமல் காப்பது இந்தப் படி.

எல்லா வீட்டிலும் முதல் படியைப் பற்றித்தான் இரவு முழுவதும் பேசுகிறார்கள். மூன்றாம் படியைக் கடைசி நிமிடத்தில் நிரப்புகிறார்கள். நடுத்தர மார்க் வாங்கிய பிள்ளைக்கு வாழ்வு அமைவது கீழ் இரண்டு படிகளில். பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

2018 முதல் கலந்தாய்வு இணையம் வழியாக நடக்கிறது. முன்பு பெற்றோரும் பிள்ளையும் சென்னைக்கு வந்து, திரையில் காலி இடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது முன்கூட்டியே பட்டியல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் எடுக்கிறது. முதல் வரியைப் பார்க்கிறது. இடம் இருந்தால் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் இரண்டாவது வரி. பிறகு மூன்றாவது. இடம் கிடைத்த வரியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

இது தெரியாததால் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன.

ஒன்று, பயத்தால் வரும் தவறு. "உறுதியாகக் கிடைப்பதை முதலில் போடு" என்கிறார் ஒரு பெரியவர். பிள்ளையும் காவல் கல்லூரியை முதல் வரியில் எழுதுகிறது. அது கிடைத்துவிடுகிறது. இரண்டாவது வரியில் இருந்த நல்ல கல்லூரியிலும் இடம் காலியாக இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அங்கே போகவே இல்லை!

மற்றொன்று, மிதப்பால் வரும் தவறு. "இந்த ஆறு கல்லூரி கிடைத்தால் போதும்" என்று ஆறு வரியோடு பட்டியலை முடித்துவிடுகிறார்கள். ஆறும் 10 ஆயிரம் ரேங்குக்குள் தீர்ந்துபோகும் கல்லூரிகள். அந்தச் சுற்றில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அடுத்த சுற்றுக்குப் போவதற்குள் நியாயப் படியில் இருந்த இடங்களும் குறைந்துவிடுகின்றன.

ஆகவே விதி எளிது. எது வேண்டுமோ அதை மேலே எழுத வேண்டும். எது கிடைக்கும் என்பதைப் பார்த்து வரிசையை மாற்றக் கூடாது. ஆனால் கிடைக்கக் கூடியவை பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஓர் எழுத்து மாறினால்

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு படிப்புக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் உண்டு. "சி.எஸ்." என்றால் கம்ப்யூட்டர் படிப்பு. "சி.இ." என்றால் சிவில். ஓர் எழுத்து மாறினால் படிப்பே மாறிவிடும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகளும் இருக்கின்றன. எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

பட்டியலைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது நல்லதல்ல. வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் படிக்க, மற்றொருவர் திரையைச் சரிபார்க்க வேண்டும். கடவுச் சொல்லை எந்தத் தரகரிடமும் கொடுக்கக் கூடாது.

கல்லூரியா, படிப்பா?

நடுப்பிள்ளைக்கு வரும் பெரிய கேள்வி இது. சாதாரணக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பதா? அரசாங்கக் கல்லூரியில் சிவிலோ மின்சாரமோ படிப்பதா?

காரைக்குடி அழகப்பா கல்லூரி 1952இல் தொடங்கியது. சேலம் அரசு என்ஜினீயரிங் கல்லூரி 1966இல் வந்தது. திருநெல்வேலியில் 1981இல் ஒன்று வந்தது. பர்கூரில் 1994இல் ஒன்று வந்தது. இவற்றில் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகவும் குறைவு. கம்ப்யூட்டர் படிப்புக்குப் போட்டி அதிகம். மற்றப் படிப்புகளுக்குச் சில சமயம் நடுத்தர ரேங்கிலும் வழி பிறக்கிறது.

பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் உண்மையான ஆசை இருந்தால், படிப்புக்கு முதலிடம் கொடுப்பதில் தவறில்லை. "எல்லோரும் எடுக்கிறார்கள்" என்பதற்காக எடுப்பதானால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத கல்லூரியில் எந்தப் படிப்பும் வேலை வாங்கித் தராது.

கல்லூரியின் தரத்தை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. "100 சதவீதம் வேலை" என்று எழுதியிருப்பார்கள். எத்தனை பேர் படித்தார்கள்? எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? என்ன சம்பளம்? இந்த மூன்றையும் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அதைப் பார்க்கலாம். குறிப்பிட்ட படிப்புக்குத் தேசிய அங்கீகாரக் குழுவின் சான்று இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ் ஏறிப் போய்க் கல்லூரி வாசலில் நின்று மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேரிடம் பேசலாம். "பாடம் ஒழுங்காக நடக்கிறதா?" என்று கேட்டால் போதும். அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பணக் கணக்கு

சிறுபான்மையினர் கல்லூரி அல்லாத தனியார் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தைக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீதம் கொடுக்கின்றன. இந்த இடங்களுக்குப் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் அமைத்த குழு நிர்ணயிக்கிறது.

ஆனால் செலவு அதோடு முடிவதில்லை. விடுதி, சாப்பாடு, பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் தனி. பட்டியலில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே நான்கு வருடச் செலவை எழுதிப் பார்க்க வேண்டும். அப்போது வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரி சில படி மேலே ஏறலாம். அது கௌரவக் குறைச்சல் அல்ல.

சலுகைகளையும் விட்டுவிடக் கூடாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021இல் 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதில் இடம் பெற்றவர்களின் கட்டணத்தை அரசாங்கம் ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைத்தால்தான் இவை பயன்படும்.

இந்தச் சமயத்தில் ஒரு டெலிபோன் வரும். "உங்கள் பெண்ணுக்கு இடம் வைத்திருக்கிறோம். இன்றே முன்பணம் கட்டாவிட்டால் போய்விடும்" என்று சொல்வார்கள். முதல் மார்க் வாங்கியவன் வீட்டுக்கு இந்தக் குரல் அதிகம் போவதில்லை. பயந்துகொண்டிருக்கும் நடுப்பிள்ளையின் வீட்டைத் தேடித்தான் வருகிறது. கலந்தாய்வு முடியுமுன் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது.

இடம் கிடைத்த பிறகு

கம்ப்யூட்டர் ஓர் இடத்தைக் காட்டியவுடன், குறித்த நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். "ஏற்கிறேன்" என்று சொல்லலாம். "இதை ஏற்கிறேன்; மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள்" என்றும் சொல்லலாம். நடுப்பிள்ளைக்கு இந்த இரண்டாவது வழி பெரும் உதவி. கையில் இருப்பது போகாது. மேலே ஒரு கதவும் திறந்திருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மேல் இடம் கிடைத்தால் பழைய இடம் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஆகவே உண்மையிலேயே அதிகம் விரும்பும் கல்லூரிதான் மேலே இருக்க வேண்டும்.

கடைசி வரி

பட்டியல் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பெற்றோர் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்க வேண்டும்: "இது கிடைத்தால் போவாயா, அம்மா?"

"மாட்டேன்" என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். அதற்கு மேல் வரியைக் கேட்க வேண்டும். என்ஜினீயரிங் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் மட்டும் 160க்கும் மேல் இருக்கின்றன. விருப்பமில்லாத ஓர் இடத்தில் நான்கு வருடம் கழிப்பதைவிட அவை எவ்வளவோ மேல்.

"போவேன், அப்பா" என்று பிள்ளை மனசாரச் சொன்னால் பட்டியல் முடிந்தது. அதன் பிறகு எந்த வரி கிடைத்தாலும் அந்த வீட்டில் லட்டு வழங்கலாம்.