செல் என்பது மின்கலமன்று

மின்னணுவியல் பயிலத் தொடங்கும் மாணவரிடம் "செல்போன்" என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று வினவினால், பலர் தயங்காது கூறும் விடை ஒன்றுண்டு. அதனுள்ளே செல், அதாவது மின்கலம், இருப்பதால் அப்பெயர் வந்தது என்பர். டார்ச்சு விளக்கிலும் செல், கடிகாரத்திலும் செல். ஆகவே தொலைபேசியிலும் செல். விடை தவறே, எனினும் மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. உயிரியல் ஆசிரியர் செல் என்றால் அது வேறொன்று. பழைய ஏட்டைச் செல்லரித்துவிட்டது என்று பாட்டி கூறினால் அது கறையான். இத்தனை செல்களுக்கு நடுவே, நிலப்படத்தின் மீது கோடிட்டுப் பிரிக்கப்பட்ட ஒரு சிறு பரப்பே இங்குச் செல் எனப்படுகிறது என்பதை ஒருவர் எடுத்துரைத்தாலன்றி மாணவன் தானாக அறிந்துகொள்ள வழியில்லை.

இப்பிழை சொல்லளவில் நின்றுவிடுமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பாடம் எங்கே தொடங்குகிறது என்பதையே அது காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் பாடம் கருவியின் உள்ளே தொடங்குகிறது. பழுதான கைபேசி ஒன்றைத் திறந்து, இது ஒலிவாங்கி, இது ஒலிபெருக்கி, இது மின்கலம் என்று காட்டுவர். வால்வு வானொலிப் பெட்டிகளின் காலத்தில் இம்முறை பெரும்பயன் தந்தது. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் வால்வும் கண்ணுக்குப் புலப்பட்டன. ஒன்றைத் திருகினால் மற்றொன்று மாறுவதைக் காதால் கேட்கவும் முடிந்தது. இன்றைய கைபேசியைத் திறந்தால் தெரிவன சில கருஞ்சதுரங்களே. பழுது பார்க்கும் தொழிலுக்கு அப்பயிற்சி வேண்டியதுதான். அதனால் பிழைப்பவர் பலர். தத்துவத்தைக் கற்பதற்கோ அது சிறிதும் உதவாது. கைபேசியின் தத்துவம் பெட்டிக்குள் இல்லை. நிலப்படத்தின் மேல் இருக்கிறது.

அத்தத்துவம் பஞ்சத்தில் பிறந்தது. வானொலி அலைகளுக்கென ஒதுக்கக்கூடிய அதிர்வெண்கள் அளவுக்குட்பட்டவை. 1946 ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் மோட்டார் வண்டிகளிலிருந்து பேசும் தொலைபேசி முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது. உயர்ந்த இடத்தில் ஆற்றல் மிக்க ஒரே ஓர் ஒலிபரப்பியை நிறுத்தி, நகர் முழுவதற்கும் அலைகளைப் பரப்புவதே அன்றைய முறை. ஒருவர் பேசும் அலைவரிசையை அந்நகரில் வேறெவரும் அந்நேரம் பயன்படுத்த இயலாது. 1976 ஆம் ஆண்டிலும் நியூயார்க் மாநகரில் இத்தகைய சேவைக்கு இருந்த வழித்தடங்கள் 12 மட்டுமே. ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் வாழ்ந்த அப்பகுதியில் இணைப்புப் பெற்றிருந்தோர் 543 பேர். பதின்மூன்றாவது மனிதன் பேச விரும்பினால் மற்றொருவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதே.

இந்த முட்டுக்கட்டையை அகற்றும் வழியை பெல் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரிலேயே ஓர் அலுவலகக் குறிப்பில் வரைந்துவிட்டார். ஒரு பெரிய ஒலிபரப்பிக்கு மாற்றாகப் பல சிறிய ஒலிபரப்பிகள்; ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள சிறு பரப்பிற்கு மட்டும்; போதிய தொலைவு கடந்ததும் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்துதல். மெல்லப் பேசினால், ஒரே கூடத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசலாம் அன்றோ? கருத்து இவ்வளவே. ஆயினும் அது வணிகச் சேவையாக டோக்கியோவில் 1979 ஆம் ஆண்டிலும் சிகாகோவில் 1983 ஆம் ஆண்டிலுமே மலர்ந்தது. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளுக்கு நொடியில் மாறத்தக்க சிறு கருவியும், ஓடும் வண்டியைப் பின்தொடர்ந்து இணைப்பை மாற்றிக் கொடுக்கும் கணிப்பொறியும் அதற்குத் தேவைப்பட்டன. இந்தியாவில் முதல் அழைப்பு 1995 சூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியது.

இதனைக் கற்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. கரும்பலகையும் வண்ணச் சுண்ணக்கட்டிகளும் போதும். தேன்கூடு போன்று அறுகோணங்களை வரைக. வட்டங்களை அடுக்கினால் இடையே வெற்றிடம் விழும். இடைவெளியின்றிப் பரவும் வடிவங்களுள் வட்டத்தை மிகவும் ஒத்தது அறுகோணமே. ஏழு அறுகோணங்களுக்கு ஏழு வண்ணம் தருக. அவ்வேழின் கூட்டத்தையே திரும்பத் திரும்ப வரைந்தால், ஒரே வண்ணமுடைய இரு செல்கள் எங்கும் ஒன்றையொன்று தொடா. செல்லின் ஆரம் 2 கிலோமீட்டர் எனின், அதே வண்ணம் பெற்ற அண்மைச் செல்லின் மையம் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு அப்பால் அமையும்.

அடுத்துக் கணக்கு. ஜி.எஸ்.எம். எனப்படும் இரண்டாம் தலைமுறை முறையில் ஓர் அலைவரிசையின் அகலம் 200 கிலோஹெர்ட்சு. ஒவ்வொன்றையும் எண்மர் முறைவைத்துப் பங்கிடுவர். ஒருவருக்கு வாய்க்கும் நேரம் 577 மைக்ரோநொடி. பின் எஞ்சிய எழுவரும் முடித்த பிறகே மறுமுறை. பேச்சு எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கி அனுப்பப்படுவதால் இவ்விட்டுவிட்டு வரும் ஒலி கேட்போர் காதில் தொடர்ச்சியாகவே விழுகிறது. ஒரு நிறுவனத்திடம் போவதற்கும் வருவதற்கும் தனித்தனியே 4.4 மெகாஹெர்ட்சு உள்ளதாகக் கொள்க. அதில் 22 அலைவரிசைகள். ஒரே நேரத்தில் 176 உரையாடல்கள். பழைய முறையில் நகர் முழுவதற்கும் இவ்வளவே. ஏழு வண்ணங்களுக்கும் மும்மூன்று அலைவரிசை பகிர்ந்தால் ஒரு செல்லுக்கு 24 உரையாடல்கள். நகரில் நூறு செல்கள் இருப்பின் 2400. செல்களைச் சிறியனவாக்கி இருநூறாகப் பெருக்கினால் 4800. அலைவரிசை ஒன்றுகூடக் கூடவில்லை, கூடியது கோபுரங்களே. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு ஒதுக்கும் பங்கைக் கழித்தால் விடை சற்றே குறையும். நெரிசல் மிகுந்த கடைத்தெருவில் கோபுரங்கள் அடுத்தடுத்து நிற்பதன் காரணத்தை இக்கணக்கைச் செய்த மாணவன் எவரும் சொல்லாமலே உணர்வான்.

நான்காம் தலைமுறைக் காலத்தில் ஏழு வண்ணப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அண்டைச் செல்கள் யாவும் ஒரே அலைவரிசையை ஆளும் முறைகள் இன்று வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அண்டைச் செல்லின் குறுக்கீட்டைச் சமாளிப்பதற்கே அம்முறைகளின் நுட்பம் பெரிதும் செலவிடப்படுகிறது. குறுக்கீடு யாது என்றே அறியாதவனுக்கு அதன் மருந்தைக் கற்பிப்பதில் பயனில்லை.

வகுப்பைவிட்டு வெளியே வந்தால் இதன் பயன் இன்னும் தெளிவாகும். கைபேசிகள் இரண்டும் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்கின்றன என்று எண்ணுவோர் நாட்டில் மிகப் பலர். ஒரே அறையில் இருவர் அமர்ந்து பேசினும் குரல் கோபுரத்திற்கு ஏறி, அங்கிருந்து ஒளியிழை வழியாகவோ நுண்ணலை வழியாகவோ தொலைவிலுள்ள இணைப்பகத்தை அடைந்து, மீண்டும் அதே கோபுரத்திற்கு வந்தே மற்றவர் காதைச் சேரும். வானொலி அலைக்குரியது முதற்படியும் கடைசிப் படியும் மட்டுமே. வெள்ளத்தில் ஒளியிழை அறுந்தாலோ, மின்சாரமும் டீசலும் தீர்ந்தாலோ, கோபுரத்தின் அடியில் நிற்பவனும் ஊமையே. பேரிடர்க் காலப் பணியில் ஈடுபடும் களப்பணியாளர் கைபேசியை மட்டும் நம்பிச் செல்லலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

திரையில் தோன்றும் சிக்னல் கோடுகளைப் பற்றிய மயக்கமும் இவ்வாறானதே. கோபுரத்தின் குரல் கைபேசிக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதையே அக்கோடுகள் காட்டும். கைபேசியின் குரல் கோபுரத்திற்குக் கேட்கிறதா, இடம் காலியாக உள்ளதா, கோபுரத்திற்கும் இணைப்பகத்திற்கும் இடையே வழி திறந்திருக்கிறதா என்பவற்றை அவை காட்டா. கோடுகள் நிறைந்திருந்தும் அழைப்புச் செல்லவில்லை என்று ஊரார் முறையிடும்போது, கருவி பழுது என்று கூறி அனுப்பிவிடுவது எளிது; பெரும்பாலும் அது பிழையான தீர்ப்பு.

கைபேசி சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. எந்தக் கோபுரத்தின் ஒலி உரக்கக் கேட்கிறதென்று அது இடைவிடாது செவிமடுக்கிறது. ஒரு வட்டாரத்தைக் கடந்து மற்றொன்றில் நுழைந்ததும் தன் வருகையைப் பதிவு செய்கிறது. அழைப்பு வரும்போது அவ்வட்டாரத்துக் கோபுரங்கள் யாவும் அதன் எண்ணைக் கூவி அழைக்கின்றன. அது மறுமொழி தருகிறது. பேசிக்கொண்டே பேருந்தில் செல்பவரின் கைபேசி, தன் முறைகளுக்கு இடைப்பட்ட ஓய்வில் அண்டைக் கோபுரங்களை அளந்து, ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை அறிக்கை அனுப்புகிறது. அவ்வறிக்கையைக் கொண்டு இணைப்பு வேறு கோபுரத்திற்குக் கைமாற்றப்படுகிறது. அஞ்சல்காரருக்கு முகவரி மாற்றத்தைத் தவறாது தெரிவிக்கும் குடியிருப்பாளரைப் போன்றது இது. அத்துணை ஒழுங்கான குடியிருப்பாளர் மனிதரில் அரியர்.

கோபுரத்தைப் பற்றிய அச்சமே இவற்றுள் விளைவு மிக்கது. ஊருக்குள் கோபுரம் வேண்டா, தொலைவில் எங்கேனும் நடுக என்று கோரும் கூட்டங்கள் பல இடங்களில் நடைபெறுகின்றன. அச்சத்தை நகைத்துத் தள்ளுவது முறையன்று. அதற்கு அளவுகளால் விடை கூற வேண்டும். இவ்வலைகள் எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களைப் பிளந்து மின்னேற்றும் ஆற்றல் உடையன அல்ல. இந்தியாவில் கோபுரங்களின் கதிர்வீச்சுக்கு 2012 செப்டம்பர் முதல் விதிக்கப்பட்ட வரம்பு, பன்னாட்டுக் குழு பரிந்துரைத்ததில் பத்தில் ஒரு பங்கு. இவற்றைவிட மாணவன் சிந்திக்க வேண்டியது மற்றொன்று. ஜி.எஸ்.எம். கைபேசி தன் முறை வரும்போது 2 வாட் வரை ஆற்றலை வெளியிட வல்லது. கோபுரம் அருகிலிருப்பின், அதன் ஆணைப்படி படிப்படியாகக் குறைந்து 3 மில்லிவாட் அளவிற்கும் இறங்கிவிடும். உச்ச அளவில் ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கு. கோபுரத்தை ஊரைவிட்டு விரட்டினால், ஒவ்வொருவர் காதருகிலும் இருக்கும் கைபேசி உரக்கக் கூவத் தொடங்கும். மின்கலமும் விரைவில் தீரும். அச்சத்தினால் வேண்டப்படும் தீர்வு, அஞ்சிய பொருளையே அருகில் கொண்டுவந்து வைக்கிறது. இதனை மேடையில் முழங்குவதைவிட, ஊர்ப் பள்ளியின் கரும்பலகையில் இரு எண்களை எழுதிக் காட்டுவதே நன்று.

சிக்னல் பெருக்கி என்று கடைகளில் விற்கப்படும் பெட்டிகளும் களப்பணியாளர் அறிந்திருக்க வேண்டியவை. அனுமதியின்றி அவற்றை நிறுவுவது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. ஏன் குற்றம் என்பது அதனினும் சிலருக்கே தெரியும். தரமற்ற பெருக்கி தான் பெற்ற குரலோடு தன் இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்தின் செவியில் கொட்டுகிறது. ஒரு வீட்டார் தெளிவாகப் பேசுவதற்காகத் தெருவிலுள்ள மெல்லிய குரல்கள் யாவும் மூழ்கிவிடுகின்றன. செல்லின் எல்லையே சுருங்குகிறது.

மலைநாட்டில் அறுகோணம் நிலைப்பதில்லை. பள்ளத்தாக்கின் ஒரு வளைவு கோபுரத்தை மறைத்துவிட்டால், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருள். எதிர்ச்சரிவில் இருபது கிலோமீட்டரிலும் ஒளி. இத்தகைய இருளில் கிடக்கும் ஊர்களுக்காகவே 2022 சூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் மதிப்பில் 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை அளிக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. கோபுரம் எந்த முகட்டில் நிற்க வேண்டும் என்று ஊரார் கருத்துக் கேட்கும்போது, முதலில் வினவப்படுபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியரே. எவர் நிலத்திற்கு வாடகை கிடைக்கும் என்பதைக் கொண்டு முகடு தேர்ந்தெடுக்கப்படுமாயின், மறுபக்கத்துக் குடியிருப்பு இன்னும் பல்லாண்டு இருளிலேயே கிடக்க நேரும். நில அளவைப் படத்தில் உயரக் கோடுகளைப் படிக்கவும், முகட்டிலிருந்து குடியிருப்பிற்கு நேர்க்கோடு வரைந்து இடையே குன்று குறுக்கிடுகிறதா என்று பார்க்கவும் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் கற்பிக்கலாம்.

இறுதியாக, சில வேளைகளில் திரையில் தோன்றும் "அவசர அழைப்புகள் மட்டும்" என்னும் வாசகம். பலர் இதனைச் சேவை இல்லை என்றே கொண்டு, கைபேசியைப் பைக்குள் இட்டுவிடுகின்றனர். தன் நிறுவனத்தின் கோபுரம் எட்டவில்லை, ஆயினும் பிறிதொரு நிறுவனத்தின் கோபுரம் கேட்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அவ்வேளையிலும் பிற நிறுவனத்தின் வழியாக 112 என்னும் எண்ணை அழைப்பதற்கு இம்முறையின் பன்னாட்டு விதிகள் இடமளிக்கின்றன. காட்டு வழியில் பாம்பு தீண்டியவரைச் சுமந்து வருவோர், முகட்டின் மீது இருபது அடி ஏறி, அவ்வாசகம் தோன்றியவுடன் அந்த மூன்று எண்களை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்திருத்தல் நலம்.