பாடப் புத்தகம் சொல்லாத கதை

லெபனான் ஒரு சிறிய நாடு. அதன் பரப்பு 10,452 சதுர கிலோ மீட்டர்தான். மேற்கே மத்திய தரைக் கடல். உள்ளே போனால் பனி படர்ந்த மலை. தலைநகரம் பெய்ரூட்.

அந்த நாட்டுக் குழந்தைகள் வீட்டில் அரபு பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கையும் விஞ்ஞானத்தையும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். மூன்று மொழி தெரிந்த பிள்ளைகள் அங்கே ஏராளம்.

ஆனால், சரித்திர வகுப்பில் மட்டும் ஒரு விசித்திரம்!

லெபனான் சுதந்திரம் பெற்ற ஆண்டு 1943. சரித்திரப் பாடம் பெரும்பாலும் அந்தக் காலத்தோடு நின்றுவிடுகிறது.

அப்புறம் அந்த நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லையா?

நடந்தது. 1975-ம் ஆண்டு உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1990 வரை 15 ஆண்டுகள் நீடித்தது. சுமார் 1,50,000 பேர் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. காணாமல் போனவர்கள் சுமார் 17,000 பேர் என்று சொல்லப்படுகிறது. பெய்ரூட் நகரமே கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது.

தாத்தா கண்ணால் பார்த்த யுத்தம், பேரன் கையில் உள்ள புத்தகத்தில் இல்லை!

இந்த மௌனத்துக்கு நடுவேதான் அந்த நாட்டுப் பல்கலைக் கழகங்களில் படிக்கும் மாணவ–மாணவிகள் ஒரு வேலையைச் செய்து வருகிறார்கள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது, பத்திரிகையும் டெலிவிஷனும் என்ன சொல்கின்றன, மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டு எழுதுகிறார்கள். அது அந்த நாட்டுக்கு மிகவும் தேவையான வேலை.

ஒரு புத்தகம் – 18 பிரிவுகள்

லெபனானில் அரசாங்கம் அங்கீகரித்த மதப் பிரிவுகள் 18. கிறிஸ்தவர்களிலும் பல பிரிவு. முஸ்லிம்களிலும் பல பிரிவு. துரூஸ் மக்களும் இருக்கிறார்கள்.

ஜனாதிபதி பதவி மரோனைட் கிறிஸ்தவருக்கு. பிரதம மந்திரி பதவி சுன்னி முஸ்லிமுக்கு. சபாநாயகர் பதவி ஷியா முஸ்லிமுக்கு. இது 1943 முதல் இருந்து வரும் வழக்கம்.

யுத்தத்தை முடிக்க 1989-ல் சவூதி அரேபியாவில் உள்ள தாயிப் நகரில் தலைவர்கள் கூடினார்கள். ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடு முழுவதற்கும் ஒரே சரித்திரப் புத்தகம் வேண்டும் என்று அதில் எழுதினார்கள்.

1997-ல் புதிய பாடத் திட்டம் வந்தது. மற்றப் பாடங்கள் புதிதாயின. சரித்திரம் மட்டும் பழையபடியே நின்றது. அதன் பிறகு குழுக்கள் கூடின, கலைந்தன. உடன்பாடு ஏற்படவில்லை.

யுத்தத்தை முதலில் தொடங்கியது யார்? தியாகி யார்? துரோகி யார்? இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் புத்தகம் எப்படி வரும்?

புத்தகம் வராவிட்டால், குழந்தை கேட்காமல் இருக்குமா? கேட்கிறது. அப்பாவிடம் கேட்கிறது, அண்ணனிடம் கேட்கிறது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறார்கள். அடுத்த தெருவில் உள்ள வீட்டில் வேறு கதை சொல்லப்படுகிறது. இரண்டு குழந்தைகளும் தாங்கள் கேட்டதே உண்மை என்று நம்பி வளர்கின்றன.

ஆளுக்கு ஒரு டெலிவிஷன்

லெபனானில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1959-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. யுத்தம் வந்ததும் ஆயுதம் ஏந்திய கூட்டங்கள் தங்களுக்கென்று ரேடியோவும் டெலிவிஷனும் வைத்துக்கொண்டன.

யுத்தம் முடிந்தது. 1994-ல் சட்டம் வந்தது. லைசென்சு இல்லாமல் நிலையம் நடத்தக் கூடாது என்று சொன்னது. ஆனால், லைசென்சு கிடைத்த நிலையங்களுக்குப் பின்னாலும் அரசியல் தலைவர்களும் அவர்களுடைய கட்சிகளும் நின்றார்கள்.

ஒரே நாளில் ஒரே ஊர்வலம் நடக்கும். ஒரு நிலையம் அதை மக்கள் எழுச்சி என்று சொல்லும். இன்னொரு நிலையம் கலவரம் என்று சொல்லும். எந்த வீட்டில் எந்த நிலையம் ஓடுகிறது என்பதை வைத்தே, அந்த வீட்டார் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம்!

இப்போது செல்போனும் சேர்ந்துகொண்டது. வாட்ஸ்அப் அழைப்புக்கு வரி போட அரசாங்கம் யோசனை செய்தது. அந்த யோசனையே தீப்பொறியாகி, 2019 அக்டோபர் 17-ந் தேதி மாபெரும் கிளர்ச்சி மூண்டது. செல்போன் அங்கே மக்களின் வாழ்க்கையோடு எவ்வளவு ஒட்டியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

செய்தியைப் பார்ப்பது எப்படி, பொய்யைப் பிரித்து அறிவது எப்படி என்று கற்றுக்கொடுக்க, 2013-ல் பெய்ரூட்டில் ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அரபு நாடுகளில் இருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து அதில் பயிற்சி பெற்றார்கள்.

கேள்வித் தாளுடன் ஒரு படை

பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக் கழகம் 1866-ல் தொடங்கப்பட்டது. புனித ஜோசப் பல்கலைக் கழகம் 1875-ல் வந்தது. அரசாங்கம் நடத்தும் லெபனான் பல்கலைக் கழகம் 1951-ல் பிறந்தது.

எம்.ஏ. பட்டம் பெறுவதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாணவர் முதலில் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு, யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது என்று தீர்மானிக்க வேண்டும். கேட்கப்படுகிறவர் மனம் நோகாமல் கேட்க வேண்டும். சம்மதம் இல்லாமல் கேட்கக் கூடாது. பெயரை வெளியிடக் கூடாது. கடைசியில் பேராசிரியர்கள் முன்னால் நின்று, எழுதியதற்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும்.

லெபனானில் இது எளிதல்ல.

கேள்வித் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மக்கள் பேசுவது பேச்சு அரபு. மொழிபெயர்க்கும்போது கேள்வியின் பொருளே மாறிவிடலாம். ஆகவே, அரபில் எழுதியதை மறுபடியும் ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. லெபனானில் 1932-க்குப் பிறகு முழு ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படவில்லை. கணக்கெடுத்தால் எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். பதவிச் சண்டை வரும். அந்தப் பயத்தினால் ஒவ்வொரு ஆராய்ச்சியாளரும் மதிப்பீடுகளை நம்பியே வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

நீலப் பேயும் சிவப்புப் பூதமும்

இப்படிக் கேட்டு எழுதியவர்கள் கண்டது என்ன?

1963-ம் ஆண்டு. லெபனானில் ஒரு கோடைக்கால முகாம். 11 வயதுச் சிறுவர்கள் 18 பேர் வந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. முகாமை நடத்தியவர் லுத்பி தியாப் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர். அமெரிக்காவில் முசாபர் ஷெரீப் என்பவர் 1954-ல் நடத்திய சோதனையை அவர் தம் நாட்டில் செய்து பார்க்க விரும்பினார்.

சிறுவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார். ஒரு கோஷ்டிக்கு 'நீலப் பேய்கள்' என்று பெயர். மற்றொன்றுக்கு 'சிவப்புப் பூதங்கள்'. இரண்டிலும் இரண்டு மதத்துப் பையன்களும் இருந்தார்கள். இரண்டு கோஷ்டிக்கும் விளையாட்டுப் போட்டி வைத்தார்.

சில நாட்களில் சண்டை மூண்டது. கத்தி தூக்கும் அளவுக்கு முற்றியது! முகாமைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

யாரோடு யார் சண்டை போட்டார்கள்? கிறிஸ்தவப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் மோதிக்கொண்டார்களா? இல்லை! பேய்க்கும் பூதத்துக்கும்தான் சண்டை. பிறந்தது முதல் இருந்த மதத்தை மறந்துவிட்டு, சில நாட்களுக்கு முன்னால் கிடைத்த பெயருக்காக அடித்துக்கொண்டார்கள்.

குழந்தையின் மனதில் பகை பிறவியிலேயே இருப்பதில்லை. பெரியவர்கள் கோடு போட்டுப் பிரித்து, போட்டியும் மூட்டிவிட்டால் பகை வந்துவிடுகிறது. ஆகவே, பள்ளிக்கூடம் எங்கே கோடு போடுகிறது, டெலிவிஷன் எங்கே கோடு போடுகிறது என்று கவனிப்பது அவசியமாகிறது.

அமெரிக்கப் பல்கலைக் கழகத்தில் தியாபும் அவருடைய சகா மெலிக்கியனும் 1950-ம் ஆண்டுகளில் மாணவர்களிடமே விசாரித்தார்கள். குடும்பம், மதம், நாடு, கட்சி இவற்றில் எது பெரிது என்று கேட்டார்கள். மாணவர்கள் குடும்பத்துக்கே முதல் இடம் கொடுத்தார்கள். பல ஆண்டு கழித்து மீண்டும் கேட்டபோதும் குடும்பமே முதலில் நின்றது. வீட்டில் சொல்லப்படும் கதைக்கு எவ்வளவு வலிமை என்பது இதிலிருந்து விளங்கும்.

பார்க்க முடியாத காயம்

யுத்தத்தைப் பார்த்த குழந்தைகள் என்ன ஆனார்கள்? மோனா மக்சூத், லாரன்ஸ் ஏபர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 10 வயது முதல் 16 வயது வரை உள்ள லெபனான் குழந்தைகள் 224 பேரைப் பற்றி ஆராய்ந்தார்கள். முடிவு 1996-ல் வெளியாயிற்று.

குண்டுவீச்சில் சிக்கிய குழந்தைகளிடமும், உறவினரை இழந்த குழந்தைகளிடமும் அதிர்ச்சியின் அடையாளங்கள் அதிகம் தென்பட்டன. பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளிடம் மனச் சோர்வு அதிகம் இருந்தது. ஆனால், பெற்றோரைப் பிரிந்து, கொடுமையையும் கண்ணால் பார்த்த குழந்தைகள் சிலர், பிறருக்கு உதவுவதில் முன்னால் நின்றார்கள். துன்பம் எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடவில்லை.

பெரியவர்களைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2,857 பேரிடம் விசாரித்தார்கள். 2006-ல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் அது வெளிவந்தது. 100-க்கு 17 பேருக்கு, விசாரணைக்கு முந்திய ஓர் ஆண்டுக்குள் ஏதாவது ஒரு மனக் கோளாறு இருந்தது. அவர்களிலும் சிகிச்சை பெற்றவர்கள் 100-க்குச் சுமார் 11 பேர்தான்!

மற்றவர்கள் ஏன் வைத்தியரிடம் போகவில்லை? அதற்குப் பல காரணம் இருக்கலாம். வெட்கமும் ஒரு காரணம். பெய்ரூட் அருகே 'அஸ்பூரியே' என்ற இடத்தில் 1900-ம் ஆண்டு முதல் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. 1982-ல் அது மூடப்பட்டது. ஆனால், அந்த ஊரின் பெயர் பைத்தியம் என்பதற்குக் கேலிச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. கேலிக்குப் பயந்தவர் வாய் திறப்பாரா?

இப்போது நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. சுகாதார மந்திரி இலாகா 2014-ல் மனநலத்துக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் போனில் பேசுவதற்கு 2017-ல் ஒரு சேவை ஏற்பட்டது. ஆராய்ச்சியில் கிடைத்த எண்களைக் காட்டிப் பேச முடிந்ததால், இப்படிப்பட்ட வேலைகளுக்கு வழி பிறந்தது.

மேலும் மேலும் இடி

2019-ல் நாட்டின் பணம் சரியத் தொடங்கியது. அதற்கு முன் பல ஆண்டுகளாக ஒரு டாலருக்குச் சுமார் 1,500 லெபனான் பவுண்டு கொடுத்தால் போதும். 2023-ல் சுமார் 90,000 கொடுக்க வேண்டியிருந்தது! ஆசிரியரின் சம்பளம் கரைந்துபோயிற்று. அந்த ஆண்டு அரசாங்கப் பள்ளிகளில் நீண்ட வேலை நிறுத்தம் நடந்தது.

2020 ஆகஸ்டு 4-ந் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடிவிபத்து. 200-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் காயம் அடைந்தார்கள்.

2024-ல் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லா இயக்கத்துக்கும் நடந்த யுத்தத்தில் லட்சக்கணக்கான மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்கள் ஆயின. வகுப்பறையில் பாய் விரித்துக் குடும்பங்கள் படுத்தன.

ஆராய்ச்சி மாணவர்களும் இந்த மக்களில் ஒருவர்தானே! கேள்வி கேட்கிறவரும் வீடு இழந்தவர். பதில் சொல்கிறவரும் வீடு இழந்தவர்.

அலமாரியில் தூங்கலாமா?

இவ்வளவு சிரமப்பட்டு எழுதிய கட்டுரைகள் நூலகத்து அலமாரியில் தூங்கிவிட்டால் என்ன பயன்?

லெபனானில் சிலர் இதை உணர்ந்திருக்கிறார்கள். அரபு நாடுகளின் கல்வி ஆராய்ச்சிகளை ஒரே இடத்தில் திரட்டித் தருவதற்காக 2007-ல் 'ஷமா' என்ற அமைப்பு தோன்றியது. அரபு மொழியில் அந்தச் சொல்லுக்கு மெழுகுவர்த்தி என்று பொருள்! அதன் தொகுப்பை யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

வேறு சிலர் பள்ளிப் பிள்ளைகளையே கேள்வி கேட்க அனுப்பினார்கள். 'எங்களுக்குத் தெரிய வேண்டும்' என்பது அந்த முயற்சியின் பெயர். யுத்தத்தைப் பார்த்த பெரியவர்களிடம் பிள்ளைகள் போய், நடந்ததைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள்.

இதுதான் சரியான வழி. எல்லாத் தலைவர்களும் ஒப்புக்கொள்ளும் ஒரே சரித்திரப் புத்தகம் வரும் வரை குழந்தைகள் காத்திருக்க முடியாது. 1989-ல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிறந்த குழந்தை, இன்று தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வயதை அடைந்துவிட்டது!

ஆகவே, மூன்று காரியம் நடக்க வேண்டும். ஆராய்ச்சியின் முடிவுகளைச் சாதாரண மக்களுக்குப் புரியும் அரபில் எழுதி, பள்ளி ஆசிரியர்களின் கையில் கொடுக்க வேண்டும். 'இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார், ஆதாரம் எது?' என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பிலேயே உண்டாக்க வேண்டும். பத்திரிகைகளும் டெலிவிஷன் நிலையங்களும் தங்களைப் பற்றி வரும் ஆராய்ச்சியை மறைக்காமல் வெளியிட வேண்டும்.

பழைய பகையைக் கிளறலாமா என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால், பேசாமல் விட்ட காரணத்தால் பகை மறைந்துவிடவில்லை. வீட்டுக்கு வீடு வேறு வேறு கதையாக அது வளர்ந்துகொண்டிருக்கிறது.

'நம் ஊரில் அன்று என்ன நடந்தது, தாத்தா?' என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, தாத்தா தாம் பார்த்ததைப் பயம் இல்லாமல் சொல்ல வேண்டும். தாம் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த தெருத் தாத்தாவிடமும் போய்க் கேள் என்று பிள்ளையை அவர் அனுப்புவாரானால், லெபனானில் நல்ல காலம் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.