ஆறெழுத்து ஊரும் பத்துத் துண்டுகளும்

திற்பரப்பு என்ற பெயரில் எத்தனை எழுத்து? எங்கள் ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல்விட்டு எண்ணி ஆறு என்று சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்டிடம் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 10 என்கிறது. இந்த நான்கு வித்தியாசத்தை “அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்” என்று ஒதுக்கும் என் சக மென்பொருள்காரர்களோடுதான் இந்தச் சண்டை. குற்றவாளிகளில் நானும் ஒருவன் என்பதால் என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

சிவாலய ஓட்டத்தை ஒரு வலைப்பக்கமாக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சிவராத்திரியை ஒட்டி, முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் 12 கோயில் ஓட்டம். விரலால் திரையைத் தள்ளத் தள்ள ஓடுகிற உணர்வு வர வேண்டும். மூன்றாவது கோயிலான எங்கள் ஊர் மகாதேவர் கோயில் வந்ததும், பக்கத்தில் பாறையில் இறங்கும் கோதையாறு மாதிரி ஊர்ப்பெயர் எழுத்தெழுத்தாகக் கொட்ட வேண்டும். ஆங்கிலத்தில் அருமையாகக் கொட்டியது. தமிழை வைத்தேன். ஒவ்வொரு துண்டையும் தனிப்பெட்டியில் போட்டு நகர்த்தியதால் ‘த’ தனியே விழுந்தது. அதன் மேல்விலங்கு ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் விழுந்தது. ற், ப் இரண்டின் தலைப்புள்ளிகளுக்கும் அதே கதி. அம்மையிடம் காட்டினேன். “மக்ளே, எழுத்தெல்லாம் ஒடஞ்சுல்லா கெடக்கு” என்றாள்.

இதைச் சொன்னால் நம்மாட்கள் உடனே யூனிகோடைத் திட்டக் கிளம்பிவிடுவார்கள். 1991-இல் வந்த யூனிகோட், இந்தியாவின் இஸ்கி தரத்தை ஒட்டியே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. உயிர்மெய்களுக்கு அதில் தனி எண் இல்லை. ‘தி’ என்பது தகரமும் இகரக் குறியும் சேர்ந்தது. எழுத்துக்கு ஓர் எண் தரும் டேஸ்16 முறையை 2010-இல் தமிழக அரசே யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. அந்த முறையில் எங்கள் ஊர் ஆறெழுத்துதான். ஆனால் என் அம்மையின் கைப்பேசியில் அதற்கு எழுத்துரு இல்லையே!

உண்மையில் பழி யூனிகோடு மேல் இல்லை. எந்தக் குறி எந்த எழுத்தோடு ஒட்டும் என்ற விதியையும் யூனிகோடே தந்திருக்கிறது. அதன்படி சொல்லைப் பிரித்துத்தரும் செக்மென்டர் என்ற கருவி குரோமில் 2020-இலும் சஃபாரியில் 2021-இலும் ஃபயர்பாக்ஸில் 2024-இலும் வந்துவிட்டது. ஒரு வரியை மாற்றினேன், ஆறு வந்தது. ‘க்ஷ’ மட்டும் இன்னும் இரண்டாகப் பிரிகிறது, அதைக் கையால் ஒட்டிக்கொள்ளலாம். ஆக, “தமிழ் சிக்கலான எழுத்து” என்பது நம் சோம்பலுக்கு நாம் வைத்த கௌரவமான பெயர்.

எழுத்து ஒட்டியதும் எனக்குத் தலைக்கனம் ஏறியது. மொத்தப் பக்கத்தையும் கேன்வாஸில் வரைந்தேன். மலிவான கைப்பேசியிலும் வழுக்கிக்கொண்டு ஓடியது. கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மை படிப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். வாசித்துக்காட்டும் வசதியைப் போட்டாள். பன்னிரண்டு கோயில்களும் ஓடி முடிந்தன, கைப்பேசி வாயே திறக்கவில்லை. “இது ஒண்ணும் மிண்ட மாட்டங்குதே மக்ளே” என்றாள்.

கேன்வாஸில் இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் படம். அதைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, காதால் கேட்க முடியாது. 1990-களின் கடைசியில் ஒவ்வொரு இணைய இதழும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தது; எழுத்துரு இல்லாதவருக்குத் திரையில் வெறும் குப்பை. அந்தச் சிறையிலிருந்து யூனிகோட் தமிழை வெளியே கொண்டுவந்தது. நாம் அழகு என்ற பெயரில் திரும்பவும் உள்ளே தள்ளுகிறோம்.

அப்படியானால் அசைவே வேண்டாம், எழுத்து சும்மா நின்றால் போதும் என்று சொல்லும் இலக்கிய நண்பர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. எழுத்தோடு விளையாடுவது நமக்குப் புதிதா என்ன? சித்திரகவிக்குத் தண்டியலங்காரம் இலக்கணமே சொல்கிறது. ரத பந்தத்தில் தேர், நாக பந்தத்தில் பின்னிய பாம்பு. அங்கே ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. மேல்விலங்கை ஒரு கட்டத்திலும் மெய்யை இன்னொன்றிலும் வைத்த புலவன் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம், எழுத்தை உடைக்காமல்.

இப்போதைய பக்கத்தில் நிஜ எழுத்து அடியில் அப்படியே இருக்கிறது. அருவியாய் விழுவது அதன் நகல். வாசித்துக்காட்டும் செயலியின் கண்ணுக்கு அந்த நகல் தெரியாது. அசைவைக் குறைக்கச் சொல்லிக் கைப்பேசியில் அமைத்திருப்பவருக்குப் பெயர் அசையாமல் நிற்கும். இத்தனைக்கும் எனக்குக் கூடுதலாக ஆனது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு பக்கத்தைச் சோதிக்க ‘லோரம் இப்சம்’ ஒட்டாதீர்கள். முதல் சொல்லாக உங்கள் ஊர்ப்பெயரைப் போடுங்கள். விழவிடுங்கள், தேடிப் பாருங்கள், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதில் ஒன்று தவறினாலும் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டுவிடாதீர்கள்.