சுகம் அறிவோம்: "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, அக்கா"

சென்ற மாத இளையோர் கூட்டத்தில் கேள்விப் பெட்டியைத் திறந்தபோது எட்டாக மடித்த ஒரு துண்டு கிடந்தது. "முன்பு பழகிய ஒருவர் தனக்குக் கிளமிடியா என்று மெசேஜ் போட்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பேசாமல் இருக்கலாமா, அக்கா? கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், பத்திரிகையில் எழுதுங்கோ." பெயர் இல்லை. யாருடைய கையெழுத்து என்று நான் ஆராயவும் இல்லை.

பேசாமல் இருக்க வேண்டாம். கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கும், ஏறக்குறைய பாதி ஆண்களுக்கும் எந்த அறிகுறியும் காட்டாது. ஆனால் பெண்களில் அது மெல்லக் கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறி, அங்கே புண்ணாக்கித் தழும்பை விட்டுவிடலாம். தழும்பு விழுந்த குழாயால் பிள்ளை தங்காமல் போகலாம். அல்லது கரு அந்தக் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண்களுக்கு விதைப்பையில் வீக்கமும் வலியும் வரலாம். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

மருந்து சுலபம். பொதுவாக டொக்சிசைக்ளின் 7 நாள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து. கிருமி போய்விடும், விழுந்த தழும்பு போகாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

"ஜிபியிடம் இரத்தம் கொடுத்தேன், எல்லாம் நல்லம் என்றார்கள்" என்று பலர் சொல்வதுண்டு. அந்த இரத்தத்தில் கிளமிடியாவைத் தேடுவதில்லை. கர்ப்பிணிகளுக்கு இங்கிலாந்தில் வழக்கமாகப் பார்ப்பதுகூட எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் மூன்றும்தான். கிளமிடியாவுக்கு ஆண்கள் சிறுநீர் கொடுத்தால் போதும். பெண்கள் பஞ்சுக்குச்சியால் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். உறவு நடந்து இரண்டு வாரம் ஆகவில்லை என்றால், இப்போது ஒரு முறையும் இரண்டு வாரம் கழிந்தபின் இன்னொரு முறையும் செய்ய வேண்டும்.

பாலியல் சுகாதார கிளினிக்கில் இது இலவசம். உங்கள் சம்மதமின்றி ஜிபிக்குச் சொல்ல மாட்டார்கள். அப்பா அம்மாவுக்கும் கடிதம் போகாது. 16 வயதுக்குக் குறைந்தவர்களின் விஷயமும் இரகசியம்தான், அவர்களுக்கு யாராலும் ஆபத்து என்று தெரிந்தால் தவிர. பல இடங்களில் பரிசோதனைப் பெட்டியைத் தபாலிலும் பெறலாம். வீட்டில் தபால் உடைப்பவர் அம்மா என்றால் நேரே கிளினிக்குக்கே போங்கள்!

ஊரிலிருந்து கலியாணமாகிப் புதிதாக வந்த தங்கைமாருக்கும் ஒன்று: மொழிபெயர்க்க மச்சாளை அழைத்துப் போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தொலைபேசியிலாவது தருவார்கள். தொற்று இருந்தால் கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், இல்லையேல் திரும்பவும் தொற்றும். அது எப்போது வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது. கலியாணத்துக்கு முன்பே, தெரியாமலே வந்திருக்கலாம். முடிவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பு அறையிலேயே விசாரணை தொடங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

துண்டு எழுதிய தங்கையோ தம்பியோ, தனியே போகப் பயமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வெளியே காரில் இருப்பேன். உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்க மாட்டேன்.