இன்வெர்ட்டர் வாங்கும் முன்

ஏரியும் ஊரும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும் சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் முதலிய தாம்பரத்துப் புறநகர்களில் வசிப்போருக்குக் கார்த்திகை பிறந்ததுமே இன்வெர்ட்டரைப் பற்றிய விசாரமும் பிறந்துவிடுகிறது. அது அநாவசியமான பயமன்று. 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், மறு ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் ஒருசேரச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் புறநகரின் பல தெருக்களில் மின்சாரம் நாட்கணக்கில் நின்றது. மூன்றும் கார்த்திகை மாதத்திலேயே நேர்ந்தவை. ஆயினும், அந்தப் பயத்தை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குச் செல்கிற குடும்பஸ்தர், தம் வீட்டுக்கு வேண்டியது இன்னதென்று கணக்கிடாமல், கடைக்காரர் காட்டுகிற பெட்டிகளுள் பெரியதை வாங்கிவந்துவிடுகிறார் என்பதே என் குறை.

கணக்கு ஒன்றும் பிரமாதமானதன்று. வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதத்தின்படி 1,800 வாட்-மணி மின்சாரம் உண்டு. இன்வெர்ட்டர் விழுங்குவதையும், அடிவரை வற்றவிட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதற்காக மிச்சம் வைப்பதையும் கழித்தால், கைக்கு வருவது ஏறத்தாழ ஆயிரத்து நூறு. 75 வாட் இழுக்கிற பழைய மின்விசிறிகள் இரண்டும், 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கும், இணைய மோடமும் ஓடினால் ஐந்தரை மணி நேரத்தில் அது தீர்ந்துபோகும். அதே வீட்டில் விசிறிகளை மட்டும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றிவிட்டால், அதே பேட்டரி பத்து மணி நேரம் தாங்கும். இரண்டாவது பேட்டரிக்குச் செலவிட எண்ணியிருக்கும் பணத்தை முதலில் விசிறியில் செலவிடுவது விவேகம். மின்தடை இல்லாத நாட்களிலும் அது மின்கட்டணத்தைக் குறைத்துக் கொண்டிருக்கும்.

வெள்ளக் காலத்தில் உண்மையில் நம்மை வருத்துவது காற்றின்மையைவிடத் தண்ணீரின்மைதான். கிணற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ மோட்டார் ஏற்றினால்தான் இங்கே குழாயில் தண்ணீர். அந்த மோட்டார் கிளம்புகிற கணத்தில் தன் சாதாரண அளவைப்போல் பல மடங்கு மின்சாரத்தைக் கேட்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதற்கு ஈடுகொடுக்காது. ஆகையால், வானிலை நிலையத்தின் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்வதைக் காட்டிலும் மலிவான மின்சேமிப்பு வேறெதுவுமில்லை.

பேட்டரியை எங்கே வைப்பது என்பது அதன் அளவைக்காட்டிலும் முக்கியமான விஷயம். தரைத்தளத்து மாடிப்படியின் அடியில், தரையோடு தரையாக வைப்பதே நம் சம்பிரதாயம். வெள்ளம் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் முழுகுவதும் அதுவே. ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் பண்டத்தை மாடிக்கு ஏற்றுவது சிரமந்தான். ஆனால் அந்தச் சிரமம் ஒருமுறை மட்டுமே.

கூரையில் சோலார் பலகை போட்டிருப்பதால் கவலையில்லை என்று இருப்போருக்கும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் பலர் அதை நாடுகிறார்கள், நல்லதே. ஆனால் மின்வாரியத்தின் கம்பியோடு மட்டும் இணைந்து இயங்கும் அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிற ஊழியரை நம் கூரையின் மின்சாரம் தாக்கக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இல்லாவிடில், உச்சிவெயில் காய்கையிலும் வீட்டில் விசிறி சுழலாது.

எண்ணில் பெரியதை நாடும் இதே மயக்கம் தோட்டத்துக்கான பேட்டரிக் கருவிகளிலும் உண்டு. 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் விற்கப்படுபவை பெரும்பாலும் ஒன்றே: உள்ளே வரிசையாக இணைந்த ஐந்து லித்தியம் செல்கள், முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அளந்தால் இருபதைத் தாண்டும், சராசரியாக அளந்தால் பதினெட்டு. ஒரு கம்பெனியின் பேட்டரி மற்றொன்றின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாதாகையால், முதல் கருவியை வாங்குகிறபோதே இனி வாங்கப்போகும் எல்லாவற்றுக்கும் கம்பெனியைத் தேர்ந்துவிடுகிறோம் என்பதை உணர்ந்து வாங்கவேண்டும். அதற்கும் முன்னால், வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நலம். ஒரு முருங்கையும், இரண்டு வாழையும், சுவரோரத்துச் செம்பருத்தியும் உள்ள மனைக்கு அரிவாளும் மண்வெட்டியும் போதும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கிற லித்தியம் பேட்டரி உபயோகிக்காமலே கெட்டுப்போகவும் கூடும்.

மரம் அறுக்கும் ரம்பம் வருஷத்தில் ஓரிரு நாட்களே தேவைப்படுவது. மோட்டாரை ஓட்டவல்ல ஜெனரேட்டரும் அப்படியே. வீட்டுக்கு வீடு இவற்றை வாங்கிப் பூட்டிவைப்பது வீண்செலவு. அந்த ஜெனரேட்டரை, புகை வெளியேறாதபடி மூடிய வராந்தாவில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் அளவான இன்வெர்ட்டரை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். ரம்பத்தையும் ஜெனரேட்டரையும் தெருவுக்கு ஒன்றாகக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் வாங்கி, இயக்கத் தெரிந்தவர் இருவரை நியமித்து, மேடான ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டும். அடுத்த கார்த்திகைக்கு முன் கூடும் சங்கக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு சிட்லபாக்கத்துவாசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.